யார் ஆடினார்கள் என்று அம்மா கேட்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்டு 17 ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டு ஆனதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கப்பற்படைக்காரர் வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தியை வளைத்துப் பிடித்து முத்தமிடுகிறாரே, அந்தப் பழைய படத்தைப் பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் நன்றாகத்தான் அச்சாகியிருந்தது. என் அம்மா அதைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ அவனுக்குச் சம்சாரமா?" என்று கேட்டார். "இல்லையாம்மா, முன்பின் தெரியாதவங்களாம்" என்றேன். பத்திரிகையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு வயது 92. எனக்கு 71. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் பசியாறிய பிறகு அம்மாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது என் வேலை. அன்றைக்கும் உங்கள் கட்டுரையை வாசித்துக்கொண்டே வந்தேன். "1945 ஆகஸ்டு 15-ஆம் நாள் மலாயா மக்களும் வீதியில் இறங்கி ஆடிப்பாடி மகிழ்ந்தனர்" என்ற வரி வந்ததும் அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யாரு ஆடுனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தேதியில் நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்டு 15 நண்பகலில் ஜப்பான் சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் ஒலித்தது. முந்தின இரவே இசைத்தட்டில் பதிந்து வைத்த குரல். அந்தத் தட்டைக் கைப்பற்றி ஒலிபரப்பைத் தடுக்க ராணுவ அதிகாரிகள் சிலர் அரண்மனைக்குள்ளேயே புகுந்து தேடியிருக்கிறார்கள். சக்கரவர்த்தி பேசியது பழைய அரண்மனை ஜப்பானிய மொழி. கேட்டவர்களில் பலருக்கே புரியவில்லையாம். 'சரணடைகிறோம்' என்ற சொல்லே அதில் கிடையாது. ஜப்பான்காரனுக்கே விளங்காத சேதி பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டத்தில் இருந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கே எப்படித் தெரிந்திருக்கும்? வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் வந்து தூக்கிக்கொண்டு போகும் காலம். தோட்டத்தில் ரேடியோ வைத்திருந்தவரே ஒருவர்தான், தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணி. அதையும் எப்போதோ ஒப்படைத்துவிட்டார்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் நேரமே நம்முடையதாக இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்துவிட்டான். மணி எட்டு என்பார்கள், வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடித்தால் வேலைக்கு எழுந்து ஓட வேண்டும். ரப்பர் வாங்க ஆள் இல்லாததால் பால்மரம் வெட்டுவது பெரும்பாலும் நின்றுபோய், மரத்தை அழித்து மரவள்ளி நடுவதே வேலை. பள்ளிக்கூடத்தில் கிழக்கே பார்த்துக் குனிந்து 'கிமிகாயோ' பாட வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் முழுதாகத் தெரியும். பேத்திகளின் பெயரை மாற்றிச் சொல்கிறவர் இதில் மட்டும் ஓரெழுத்துப் பிசக மாட்டார்.

ஐரோப்பாவில் அதற்கு முன்பே, மே 8-ஆம் தேதி சண்டை முடிந்துவிட்டது. லண்டனில் அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சர்ச்சில் வானொலியில் பேசியதும், இரவு தெருத்தெருவாக நெருப்பு மூட்டி ஆடியதும், 19 வயது இளவரசி எலிசபெத் ராணுவ உடுப்பில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்ததும் உங்கள் கட்டுரையிலேயே இருந்தன. அத்தனையும் உண்மை. ஆறு வருடம் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி வாழ்ந்தவர்கள் விளக்கைப் போட்டு ஆடினார்கள் என்றால் அதில் குற்றம் காண நான் யார்? ஆனால் அதே மே 8-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், செத்தீஃப் என்ற ஊரில் வெற்றி ஊர்வலம் போனவர்கள் தங்கள் நாட்டுக் கொடியையும் தூக்கினார்கள் என்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்து வந்த வாரங்களில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஆகஸ்டு 15-க்கும் வெள்ளைக்காரன் திரும்பி வந்து இறங்கியதற்கும் நடுவே மூன்று வாரம் ஓடியது. காரணம் இருக்கிறது. தோக்கியோவில் தான் கையெழுத்து வாங்கும்வரை வேறெங்கும் யாரும் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் உத்தரவு போட்டுவிட்டார். அதனால் பிரிட்டிஷ் கப்பல்கள் காத்திருந்தன. செப்டம்பர் 2-ஆம் தேதி தோக்கியோ விரிகுடாவில் 'மிசூரி' கப்பலில் கையெழுத்தானது. அதே நாள் பினாங்கு அருகே 'நெல்சன்' கப்பலில் பினாங்கு ஜப்பானியத் தளபதி கையெழுத்திட்டார், மறுநாள் கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கினார்கள். செப்டம்பர் 9-இல் மோரிப் கடற்கரையில் பெரும் படையே இறங்கியது. சண்டை போட்டுப் பிடிப்பதற்கென்று திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். சுட ஆளில்லாத கரையில் இறங்கியும் வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. செப்டம்பர் 12 சிங்கப்பூர் நகர மன்றக் கட்டடத்தில் நேச நாட்டுத் தளபதி மௌண்ட்பேட்டன் வாங்கிய கையெழுத்து, 13 கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியில் இன்னொரு கையெழுத்து. இப்படி நம் நாட்டில் மட்டும் 'போர் முடிந்த நாள்' நாலைந்து இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் ஒன்றை எடுத்து எல்லார் தலையிலும் கட்டிவிட்டார்.

அந்த மூன்று வாரம் எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்.

முதலில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவன் காணாமல் போனான். சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவன். ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தையும் விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஏன் ஓடினான் என்று பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் பெரட்டுக் களத்தில் தண்டவாளம் அடிக்கவில்லை. ஜப்பான்காரனை எதிர்பார்த்து எல்லாரும் தாமாகவே எழுந்து போய் இருட்டில் நின்றார்கள். யாரும் வரவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆகாயக் கப்பல் ஒன்று தாழப் பறந்து காகிதம் கொட்டியது. ஆகஸ்டு 28-லிருந்து நேச நாட்டு விமானங்கள் சரணடைவுச் செய்தியைத் துண்டுத்தாளாக வீசின என்று பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்தது, மழையில் நனைந்து ரப்பர் இலைமேல் ஒட்டிக் கிடந்த தாள்கள்தான். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு கிராணி வீட்டுக்கு ஓடினார்கள். அவர் வாசல் அஞ்சடியில் நின்று ஒரு முறை மனத்துக்குள் படித்தார், இன்னொரு முறை படித்தார், "உள்ள போங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைப் பின்னால் திருப்பினாராம். ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான், தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்கப் புரிந்துவிட்டது.

அன்று நடந்த கொண்டாட்டம் எது என்றால், பிள்ளைகள் எல்லாம் பெரட்டுக் களத்துக்கு ஓடிப்போய் அந்தத் தண்டவாளத் துண்டைக் கல்லால் அடித்தார்கள். முறை வைத்து அடித்தார்கள். பொழுது சாயும்வரை அடித்தும் ஒரு பெரியவரும் ஏசவில்லை. "காது கிழிஞ்சுது, ஆனா யாரும் வேலைக்குப் போகல" என்கிறார் அம்மா. உங்கள் கட்டுரையில் ஆடிப்பாடியதாக வரும் இடத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

ஊரில் கொண்டாட்டம் இருந்ததை அம்மா மறுக்கவில்லை. சில நாள் கழித்துப் பாட்டியோடு சுங்கை சிப்புட் பசாருக்கு நடந்து போனபோது மூங்கிலும் பச்சை இலையும் கட்டிய பெரிய வளைவைப் பார்த்திருக்கிறார். சீனர்கள் கடை வாசலில் கொடி தொங்கவிட்டிருந்தார்கள். சிங்க ஆட்டம் நடந்தது, வெடி வெடித்தது. ஜப்பான்காரன் கையில் மிக மோசமாக அடிபட்டவர்கள் அவர்கள். மூன்றரை வருடம் கழித்து வெடி கொளுத்த அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அதே வளைவின் கீழே தொப்பியில் மூன்று நட்சத்திரம் வைத்த ஆட்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். காட்டில் மறைந்திருந்து ஜப்பானை எதிர்த்த கெரில்லாப் படையினர். ஜப்பானுக்கு உளவு சொன்னவன், ஆள் பிடித்துக் கொடுத்தவன் என்று பிடித்துப்போய் விசாரித்தார்கள், விசாரிக்கப்பட்ட பல பேர் திரும்பவில்லை. அதில் உண்மையாகவே குற்றம் செய்தவனும் இருந்திருப்பான், ஆகாதவன் கைகாட்டிய அப்பாவியும் இருந்திருப்பான். பாட்டி உப்பு வாங்கப் போனவர் வாங்காமலே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

வாங்கியிருக்கவும் முடியாது. பாட்டியிடம் இருந்தது ஜப்பான் நோட்டு. பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் போட்டிருக்குமே, அது. ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளைக்காரன் வந்ததும் அது செல்லாது என்று அறிவித்துவிட்டான். பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். மிச்சம் அடுப்பெரிக்கப் போனது. இன்றைக்கு ஒரு தாளைப் பழம்பொருள் வாங்குகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று சொன்னால் அம்மா நம்ப மறுக்கிறார்.

அப்புறம் ஒரு நாள் லாரியில் பட்டாளம் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். அதைப் பார்க்கத்தான் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்தார்களாம். ஒரு சிப்பாய் அம்மா கையில் பால் டின் ஒன்றைக் கொடுத்தார். கட்டிப்பால். பாட்டி அதை மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு விரலால் நக்கக் கொடுத்துவிட்டு, டின்னைக் கழுவி வைத்துக்கொண்டார். அதற்குச் சில வாரம் கழித்துப் பங்கீட்டில் அரிசி வந்தபோது அளந்து போட்டது அந்த டின்னில்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோதும் எங்கள் வீட்டில் அரிசிக்கு அந்த டின்தான் படி. துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகுதான் தூக்கிப் போட்டார்கள்.

இதெல்லாம் மகிழ்ச்சியான பகுதி. இனிச் சொல்வது கொஞ்சம் சிக்கல்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1943 கடைசியில் சிங்கப்பூர் போய் ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர். அந்த ஆண்டு அக்டோபரில்தான் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்துப் பெண்கள் படைக்கு முகாமும் திறந்தார். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் போனார்கள். பெரியம்மாவுக்கு அப்போது 17 வயது. நாட்டுப் பற்றா, முகாமில் சோறு கிடைக்கும் என்றா என்று ஒரு முறை கேட்டேன். "ரெண்டும்தான்டா, வாத்தியாரே" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

பெரியம்மா 1945 செப்டம்பர் கடைசியில் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். காக்கிச் சட்டையை வழியிலேயே கழற்றி எறிந்துவிட்டு, யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆகஸ்டு 18-இல் தைப்பேயில் விமானம் விழுந்து நேதாஜி இறந்துவிட்டார் என்ற செய்தி அவருக்கு வழியில்தான் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்த ஜூலையில்தான் நேதாஜி அடிக்கல் நாட்டி எழுப்பிய இந்திய தேசிய ராணுவ நினைவுத்தூணையும் வெள்ளைக்காரன் வந்தவுடன் வெடி வைத்துத் தகர்த்தான். பெரியம்மா வீட்டுக்குள் சுருண்டு படுத்து மூன்று நாள் அழுதார். வெளியே பாட்டி, அரிசி வந்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரே லயத்து வீடு, பத்தடி நீளம். அந்த வீட்டில் போர் முடிந்ததை எப்படிக் கொண்டாடினார்கள் என்று யாராவது கேட்டால் நான் என்ன எழுதுவது?

இப்போது சயாம்.

1943 நடுவில் ஒரு காலை, பெரட்டில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சோறு இலவசம் என்று மண்டோர் சொல்லியிருக்கிறான். எங்கள் லயத்திலும் எதிர் லயத்திலுமாகப் பதினொரு ஆண்கள் போனார்கள். என் தாத்தா, அம்மாவின் அப்பா, அதில் ஒருவர். அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க ஓடியபோது லாரி கிளம்பிவிட்டது.

சயாமிலிருந்து பர்மாவுக்குப் போன அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலையும் காடும் கழிச்சலும் காய்ச்சலும். வேலை செய்த 60,000 வெள்ளைக்காரப் போர்க் கைதிகளில் 12,000-க்கு மேல் செத்தார்கள். அவர்களுடைய கணக்கு ஆள் ஆளாக, பெயர் பெயராக இருக்கிறது. நம்மவர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று இரண்டு லட்சத்தை ஒட்டிய ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்களுக்கு மதிப்பீடு மட்டும்தான் உண்டு. 90,000 வரை சொல்கிறார்கள். நான் 2012-இல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரோடு தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனேன். போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, ஒரு வரி வாசகம், சுற்றிலும் வெட்டி விட்ட புல். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பிள்ளைகள். 22 வயது, 24 வயது. நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். தாத்தாவோடு போன எட்டுப் பேருக்கு அங்கே தேட ஒரு கல்லும் இல்லை. ஆற்றோரத்தில் ஜப்பான்காரனே 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறான். எங்களோடு வந்த ஓர் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் பேருந்துக்குப் போய்விட்டார்.

பாட்டி சண்டை முடிந்தது என்று கேட்ட நாளிலிருந்து தினமும் சாயங்காலம் தோட்டத்து முச்சந்திவரை போய் நின்றார். செப்டம்பர் போயிற்று, தீபாவளி போயிற்று. அந்த வருடம் தீபாவளிக்கு அரிசி இருந்தும் பலகாரம் சுடவில்லை. சயாம் முகாம்களில் கிடந்தவர்களை ரயிலிலும் கப்பலிலும் திருப்பி அனுப்ப மாதக்கணக்கில் ஆனது என்பது எங்கள் வீட்டுக்கு எப்படித் தெரியும்? 1946-இல், தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்து, மூன்று பேர் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வந்தார்கள். அதில் ஒருவரை லயத்து நாய்கள் விடாமல் குரைத்தன. அம்மா, பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே போய்க் கிழங்கு எடுத்து வந்து கொடுத்திருக்கிறார். வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் தாத்தா பேசினாராம்.

அன்றைக்கும் கொண்டாட்டம் இல்லை. கோயில் பூசாரி தப்பு மேளம் எடுத்துவரச் சொன்னார். தாத்தா வேண்டாம் என்று கையசைத்தார். காலில் சயாம் புண் ஆறாமல் துணி சுற்றியிருந்தது. அந்தக் காலோடு, குளிக்கக்கூட இல்லாமல், வராதவர்களின் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனார். எட்டு வீடு. பாட்டியும் பின்னால் போனார், கையில் அந்தப் பால் டின்னும் ஒரு பை அரிசியும். தாத்தா சொல்ல வேண்டியதைச் சொல்வார். அழுகை எழும். பாட்டி ஒரு டின் அரிசியை முறத்தில் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். ஐந்து வீடு போனார்கள். மூன்று வீட்டுக்குப் போகவில்லை. அந்த மூன்று பேரும் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டவர்கள், என்ன ஆனார்கள் என்று தாத்தா கண்ணால் பார்க்கவில்லை. "பாக்காதத நான் எப்படிச் சொல்றது" என்றாராம். கூட வந்த மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

தாத்தா வந்த பிறகு பிள்ளைகள் அந்தத் தண்டவாளத் துண்டை விளையாட்டுக்குக்கூடத் தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை, தொடவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று வீட்டில் ஒன்று லயத்தின் கடைசி வீடு. அந்த வீட்டு அத்தையை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். நான் பள்ளிக்குப் போகும் வழியில் வாசல் கூட்டிக்கொண்டிருப்பார். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, தலையில் கொஞ்சமாவது பூ. யாரும் வந்து சொல்லாததால் அவர் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் விடவில்லை. 1971-இல் இறந்தார். எனக்குப் பதினேழு வயது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது பெரியவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. பூவும் மஞ்சளும் வைத்துச் சுமங்கலியாக எடுப்பதா, வேண்டாமா? புருஷன் போய் 28 வருடம். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எழுந்து போய், தானே பூவைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் கட்டுரையாளர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் இளைஞராக இருப்பார். அவருக்குக் கிடைத்த படமும் தகவலும் அப்படிப்பட்டவை. நம் பக்கத்துக்குப் படமே இல்லை. எங்கள் தோட்டத்தில் கேமரா வைத்திருந்த ஒரே ஆள் துரை. அவரும் ஜப்பான்காரன் வந்த மாதமே ஓடிவிட்டார். திரும்பி வந்த துரைமார்களும் அதிக நாள் நிம்மதியாக இருக்கவில்லை. சமாதானம் வந்து மூன்று வருடம் முடிவதற்குள், 1948 ஜூன் 16-இல், இதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசர காலம் என்ற பெயரில் இன்னொரு பன்னிரண்டு வருடச் சண்டை தொடங்கியது. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதமாகிவிடும்.

நான் கேட்பது ஒரு சின்னக் காரியம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த முத்தப் படத்துக்குப் பதிலாக, 85 வயதுக்கு மேற்பட்ட வாசகர்களிடம் மூன்றே கேள்வி கேட்டு வெளியிடுங்கள். சண்டை முடிந்தது என்று உங்களுக்கு எந்த நாளில், யார் சொல்லித் தெரிந்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? அவர்கள் பேசுகிற தமிழிலேயே போடுங்கள், திருத்த வேண்டாம். அடுத்த ஆகஸ்டுவரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேராக் பக்கம் எனக்குத் தெரிந்து இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. நானே நேரில் போய் எழுதி வாங்கித் தருகிறேன், பெட்ரோல் காசுகூட வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாது என்றால் மௌண்ட்பேட்டன், மெக்கார்தரை எல்லாம் வெட்டிவிடுங்கள். கடைசி வீட்டு அத்தையை மட்டும் வெட்டாதீர்கள்.

அம்மாவின் பதிலை வாங்கிவிட்டேன், முதலாவதாகப் போட்டுக்கொள்ளலாம். நாள் தெரியாது, மழை பெய்த நாள். சொன்னவர் கிராணி, வாயால் சொல்லவில்லை. செய்தது தண்டவாளம் அடித்தது. சாப்பிட்டது மரவள்ளிக்கிழங்கு, உப்பில்லாமல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.